தொப்பியில் ஏறிய யானை

கலெக்டர் கச்சேரிச் சேவகனின் டவாலியில் தொங்கிய பித்தளை வில்லையைக் கண்டு கும்பிட்ட தலைமுறை ஒன்று நம் நாட்டில் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டிருந்தவன் யார் என்று எவரும் பார்க்கவில்லை, வில்லையைத்தான் பார்த்தார்கள். அந்த வில்லைக்கு ஓர் அண்ணன் உண்டு. அவன் பிரிட்டிஷ் பட்டாளத்துச் சிப்பாயின் தொப்பியில் ஏறி உட்கார்ந்திருந்தவன். ஏறக்குறைய இரண்டு அங்குல உயரம். அதற்குள் ஒரு கிரீடம், ஒரு மிருகம், ஒரு லத்தீன் வாக்கியம், எங்கேயோ நடந்த ஒரு சண்டையின் பெயர் எல்லாவற்றையும் அடக்கிவிடுவார்கள். அந்தத் தொப்பிகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. அவற்றைத் தாங்கிய தலைகளும் இல்லை. வில்லைகள் மட்டும் கைக்குக் கை மாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தேடிச் சேகரிப்பவர்கள் இங்கிலாந்தில் ஏராளம். நம் ஊரிலும் சிலர் இருக்கிறார்கள்.

சேகரிப்பவர்களைக் கேலி செய்ய நான் வரவில்லை. தபால் தலை சேர்ப்பவன், பழைய காசு சேர்ப்பவன், வெற்றிலைப் பெட்டி சேர்ப்பவன் எல்லாரிடமும் எனக்கு ஒரு மரியாதை உண்டு. உலகம் குப்பையில் எறிந்ததை ஒருவன் பொறுக்கித் துடைத்து வைக்கிறான் என்றால் அது நல்ல காரியம்தான். ஆனால் இந்த வில்லைக்காரர்களோடு எனக்குச் சண்டை இருக்கிறது. அவர்களுடைய வித்தையை நான் மதிப்பதால்தான் சண்டைக்கே வருகிறேன்.

அந்த வித்தையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் காலாட்படைகளுக்கு முன்னே வெறும் நம்பர்தான் பிரதானம். இருபத்தெட்டாவது, முப்பத்தொன்பதாவது என்று எண்ணிக்கொண்டே போவார்கள். 1881-இல் யுத்த மந்திரியாக இருந்த சில்டர்ஸ் என்பவர் அந்த நம்பர்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜில்லாவின் பெயரை வைத்தார். இரண்டு பட்டாளங்களின் பழைய பெருமைகளும் ஒரே வில்லைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தன. குளஸ்டர்ஷயர் பட்டாளத்துக்காரன் தொப்பியின் முன்னால் ஒரு வில்லை, பின்னால் ஒரு சின்ன வில்லை என இரண்டு குத்திக்கொள்வான். 1801-இல் எகிப்தில் அலெக்ஸாண்டிரியாவுக்கு அருகே முன்னும் பின்னும் எதிரி சூழ்ந்தபோது, முதுகோடு முதுகு ஒட்டி நின்று சுட்டதற்காகக் கிடைத்த உரிமை அது. பதினேழாவது லான்ஸர் குதிரைப் படைக்கு மண்டையோடும் எலும்பும். முதல் உலகப் போரில், 1915-இல், பிறந்த மெஷின் கன் படைக்குக் குறுக்கே வைத்த இரண்டு மெஷின் கன்கள். அந்தப் படை 1922-லேயே கலைந்தும் போயிற்று.

இவற்றில் அசல் எது, போலி எது என்று கண்டுபிடிப்பது லேசான காரியமில்லை. கிரீடத்தைப் பார்க்க வேண்டும். விக்டோரியா மகாராணி காலத்துக் கிரீடம் ஒரு தினுசு. 1901-க்குப் பிறகு வந்த அரசர்கள் காலத்தில், வளைவுகள் மேலே உப்பி நிற்கும் ட்யூடர் கிரீடம். 1952-இல் பட்டத்துக்கு வந்த எலிஸபெத் ராணி, வளைவின் நடுப்பகுதி சற்றே அமுங்கிய வேறொரு கிரீடத்தை எடுத்துக்கொண்டார். 2022-இல் வந்த சார்லஸ் மன்னர் மறுபடியும் ட்யூடர் கிரீடத்துக்கே போய்விட்டார். இனி வரும் புதுச் சரக்கைப் பழைய சரக்கு என்று விற்க வியாபாரிக்கு இன்னொரு வழி! 1922-இல் கலைக்கப்பட்ட கன்னாட் ரேஞ்சர்ஸ் பட்டாளத்தின் வில்லையில் எலிஸபெத் ராணியின் கிரீடம் இருந்தால், அதை எடுத்துத் தெருவில் எறியலாம்.

பிறகு முதுகைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அச்சில் வைத்து அடித்த வில்லைக்கு முன்னால் மேடு என்றால் பின்னால் பள்ளம் இருக்கும். அசலையே மாதிரியாக வைத்து வார்த்த போலியில் மணல் மணலாகத் தெரியும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அளவிலும் ஒரு நூல் குறையும். பழையவற்றில் இரண்டு கொண்டிகள் இருக்கும். பின்னால் வந்தவற்றில் ஸ்லைடர் என்கிற நீளமான தகட்டு நாக்கு. 1916-இல் யுத்தச் சிக்கனம் என்று, இரண்டு உலோகத்தில் செய்துவந்த பல வில்லைகளை முழுப் பித்தளையிலேயே அடித்தார்கள். இது தெரியாதவன் அசலைப் போலி என்பான். இரண்டாம் உலகப் போரில் உலோகமே தட்டுப்பட்டு, பிளாஸ்டிக்கில் செய்தார்கள். இதையெல்லாம் 1970-களில் கிப்ளிங் என்பவரும் கிங் என்பவரும் (கவி கிப்ளிங் அல்ல, இவர் வேறு) இரண்டு பெரிய தொகுதிகளில் நம்பர் போட்டு எழுதி வைத்தார்கள். சேகரிப்பவர்கள் இன்றைக்கும் அந்த நம்பரைச் சொல்லித்தான் பேரம் பேசுகிறார்கள். ஆக, கண் வேண்டும், பொறுமை வேண்டும், நினைவு வேண்டும். ஒரு நாவல் எழுதுவதற்கு வேண்டியவையும் ஏறக்குறைய இவைதான்.

இவ்வளவு கூர்மையான கண்ணை வைத்துக்கொண்டு இவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? என் முதல் வழக்கு இதுதான்.

மெருகு குலையாத, ஒரு கீறல்கூட விழாத வில்லைக்கு மதிப்பு ஜாஸ்தி. தேய்ந்து, மிருகத்தின் மூக்கும் கண்ணும் மழுங்கிப்போனதற்கு மதிப்பு மட்டு. நன்றாக யோசித்துப் பாருங்கள். கீறல் விழாத வில்லை எந்தத் தலையிலும் ஏறாத வில்லை. கிடங்கில் காகிதத்தில் சுற்றியபடியே கிடந்தது. மூக்கு மழுங்கியதோ, ஒரு பையன் தினம் காலையில் பிராஸ்ஸோ போட்டுத் தேய்த்தது. பரேட்டில் சார்ஜெண்டு கண்ணில் படும்போது மின்னவில்லை என்றால் தண்டனை என்று பயந்து பயந்து தேய்த்திருக்கிறான். அந்தத் தேய்மானம் அவன் எழுதிய கையெழுத்து. போர்ப் பதக்கத்தின் விளிம்பிலாவது வாங்கியவனின் நம்பரையும் பெயரையும் வெட்டினார்கள். தொப்பி வில்லையில் அதுவும் கிடையாது. அதை அணிந்தவன் அதில் விட்டுப்போனது அந்தத் தேய்மானம் ஒன்றைத்தான். அதைக் குறை என்று விலையைக் குறைக்கிறார்கள்!

போலிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எந்த வியாபாரத்தில்தான் இல்லை? ஆனால் எதைப் போலி செய்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 1914-இல் இங்கிலாந்தின் வடக்குப் பட்டணங்களில், ஒரே தெரு, ஒரே ஆபீஸ், ஒரே பள்ளிக்கூடத்துப் பையன்களைச் சேர்த்து, 'சிநேகிதர் படை' என்று கிளப்பினார்கள். லீட்ஸ் நகரத்துப் படைக்கு அந்த நகரத்தின் சின்னமே வில்லை. லிவர்பூல் படைக்கு டெர்பி பிரபு தம் குடும்பச் சின்னமான கழுகையும் குழந்தையையும் கொடுத்தார். முதலில் வந்து சேர்ந்தவர்களுக்கு அதை வெள்ளியிலேயே செய்து தந்தார். 1916-ஆம் வருஷம் ஜூலை மாதம் 1-ஆம் தேதி, ஸாம் நதிப் பிரதேசத்தில், லீட்ஸ் பையன்கள் ஸேர் என்ற கிராமத்தை நோக்கி எழுந்து நடந்தார்கள். சில நிமிஷங்களில் அந்தப் படையில் பெரும்பகுதி விழுந்துவிட்டது. லீட்ஸில் ஒரே தெருவில் பல வீடுகளுக்குச் சாவுச் செய்தி வந்தது. அதனால்தான் இந்த வில்லைகளுக்கு விலை. அதனால்தான் போலியும். புதிதாக அடித்ததை அமிலத்தில் தோய்த்து, மண்ணில் புதைத்து, வயசு ஏற்றி விற்கிறார்கள். செத்தவனின் பெயரில் கள்ளக் கையெழுத்துப் போடுகிறவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்?

இதைவிட மோசமான இன்னொன்று இருக்கிறது. அதைச் செய்கிறவர்கள் அசலைத்தான் விற்கிறார்கள்.

பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் அந்தப் போர் நடந்த வயல்களில், உலோகம் கண்டுபிடிக்கும் கருவியை வைத்துக்கொண்டு ராத்திரியில் தோண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரான்ஸில் அனுமதியில்லாமல் இப்படித் தேடுவது சட்ட விரோதம், அப்படியும் நடக்கிறது. தோண்டி எடுத்த வில்லை, பச்சை பூத்து, வளைந்து, 'போர்க்களத்துச் சரக்கு' என்று கண்ணாடிப் பெட்டிக்குப் போகிறது. அது எங்கே கிடந்தது, யாருடன் கிடந்தது என்று வாங்குகிறவர் கேட்பதில்லை.

கேட்க வேண்டும். 1916-ஆம் வருஷத்தின் பிற்பகுதி வரையில் பிரிட்டிஷ் சிப்பாயின் கழுத்தில் ஒரே ஓர் அடையாளத் தகடுதான் இருந்தது. அவன் செத்தால், கணக்கு எழுதுவதற்காக அதைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். உடலோடு பெயர் இராது. பிறகு இரண்டு தகடு கொடுத்தார்கள். ஆனால் அது அழுத்திய நாரினால் செய்தது, மண்ணில் மக்கிவிடும். ஆகவே இன்றைக்கு உழவின்போதோ சாலை போடும்போதோ எலும்புகள் கிடைத்தால், அவை யாருடையவை என்று தேடுகிறவர்களுக்கு மிஞ்சுவது பித்தளைதான்: ஒரு பொத்தான், தோளில் குத்திய எழுத்து, ஒரு தொப்பி வில்லை. பட்டாளம் எது என்று தெரிந்தால், எந்தத் தேதியில் எந்தப் பட்டாளம் அந்த இடத்தில் நின்றது என்று பார்த்து, காணாமற்போனவர்களின் ஜாபிதாவிலிருந்து பெயரையே பிடித்துவிடுவதும் உண்டு. பெயர் கிடைக்காவிட்டாலும், கல்லறைக் கல்லில் அவனுடைய பட்டாளத்தின் சின்னத்தையாவது செதுக்கலாம். வில்லையைத் திருடியவன் இந்தக் கடைசி வாய்ப்பையும் திருடிவிடுகிறான். எலும்புகளை அப்படியே மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, பித்தளையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறான். அவன் ஒரு கிராமத்துக் கயவன் என்று விட்டுவிடலாம். அவனுக்குப் பணம் கொடுக்கிறவர் படித்தவர், ஓய்வு பெற்றவர், பட்டாளத்துச் சரித்திரத்தில் அபார பக்தி உள்ளவர். அவரை என்ன சொல்வது?

இனி நம் ஊர் விஷயம். சென்னையில் எனக்குத் தெரிந்த அன்பர் ஒருவர் இருக்கிறார். இருநூறுக்கு மேல் வில்லை வைத்திருக்கிறார். பரம சாது. ஒவ்வொன்றையும் வெல்வெட்டில் குத்தி, கீழே அட்டையில் நம்பர் எழுதி வைத்திருக்கிறார். ராயல் டப்ளின் ஃப்யூஸிலியர்ஸ் என்ற ஐரிஷ் பட்டாளத்தின் வில்லையை எடுத்து என் கையில் கொடுத்தார். பித்தளையில் ஒரு கையெறி குண்டு, அதன் வாயில் தீச்சுவாலை. குண்டின் வயிற்றில் ஒரு புலி; அதன் கீழே ஒரு யானை.

"ஸ்லைடரைப் பாருங்கள் ஸார், எவ்வளவு சுத்தமாக இருக்கிறது!" என்றார்.

"இந்த யானை எந்த ஊர் யானை?" என்று கேட்டேன்.

"இந்தியாவில் சேவை செய்ததற்காகக் கொடுத்தது ஸார். புஸ்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது."

புஸ்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கும்! அந்தப் பட்டாளத்தின் கொடிகளில் புலிக்கு மேலே 'பிளாசி', 'பக்ஸார்' என்றும், யானைக்கு மேலே 'கர்நாடிக்', 'மைசூர்' என்றும் எழுதியிருந்தார்கள். அந்தக் 'கர்நாடிக்' இன்றைய கர்நாடக ராஜ்யம் அல்ல. ஆற்காட்டு நவாபின் சீமை, நம்முடைய வட ஆற்காடும் தென் ஆற்காடும் செங்கற்பட்டும். டப்ளின் பட்டாளத்தின் முதல் பட்டாலியன் ஐர்லாந்தில் பிறந்ததே அல்ல. அது கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே சென்னையில் வைத்திருந்த வெள்ளைக்காரப் பட்டாளம். 1881-இல்தான் அதற்கு டப்ளின் பெயரைச் சூட்டினார்கள். அதன் வெற்றிப் பட்டியலை வாசித்தால் பஸ் ஸ்டாண்டு அறிவிப்புப் பலகையை வாசிப்பது போல இருக்கும்: ஆற்காடு, வந்தவாசி, சோளிங்கர், பாண்டிச்சேரி. என் அன்பர் வருஷா வருஷம் கார்த்திகையில் சோளிங்கர் மலை ஏறி நரசிம்மரைச் சேவிக்கிறவர். அந்தச் சோளிங்கரில் 1781-இல் ஹைதர் அலியோடு நடந்த சண்டையும் இந்தப் பட்டாளத்தின் கணக்கில் இருப்பது அவருக்குத் தெரியாது. ஸ்லைடரின் நீளம் தெரியும்.

சென்னைக்காரர்களுக்கு இந்தப் பட்டாளத்தோடு இன்னொரு பாக்கியும் உண்டு. 1857-இல் இதன் தளபதி நீல். அலகாபாத்திலும் கான்பூரிலும் அவன் செய்தது சண்டை அல்ல. அகப்பட்டவர்களைக் கான்பூரில் தரையில் உறைந்திருந்த ரத்தத்தை நக்கச் சொல்லி, பிறகு தூக்கில் போட்டான். அதற்காக மவுண்ட் ரோடில் அவனுக்குச் சிலை வைத்தார்கள். 1927-இல் அந்தச் சிலையை எடுக்கச் சொல்லி நம்மவர்கள் சத்தியாக்கிரகம் செய்து சிறைக்குப் போனார்கள். 1937-இல் ராஜாஜி மந்திரிசபை வந்த பிறகுதான் சிலை மியூசியத்துக்குப் போயிற்று. அந்தப் பட்டாளத்துக்கு 'நீலின் நீலத் தொப்பிகள்' என்று ஒரு செல்லப் பெயர். சேகரிப்பவர்கள் அதை ஏதோ ஒரு கிரிக்கெட் டீமின் பட்டப் பெயரைச் சொல்வது போல உற்சாகமாகச் சொல்கிறார்கள்!

கதை இத்தோடு முடிந்திருந்தால், வில்லையை உருக்கி ஒரு காமாட்சி விளக்குச் செய்துகொள்ளலாம் என்று நானே சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்லும் தேசபக்தர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடமும் எனக்குச் சண்டைதான். ஏனென்றால் கதை முடியவில்லை. 1915-ஆம் வருஷம் ஏப்ரல் 25-ஆம் தேதி, துருக்கியில் கலிப்பொலி முனையில், இதே பட்டாலியனைத் திறந்த படகுகளில் கரைக்கு அனுப்பினார்கள். கரையில் துருக்கியரின் துப்பாக்கிகள் காத்திருந்தன. படகிலிருந்து இறங்குவதற்கு முன்பே பையன்கள் குவியலாகச் செத்தார்கள். டப்ளின் நகரத்து ஏழைப் பையன்கள். வேலையில்லாமல் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். அவர்களுடைய தொப்பிகளில் நம்முடைய கர்நாடகச் சீமை யானை! அந்த யானை எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? மறு வருஷம் டப்ளினிலேயே புரட்சி கிளம்பியபோது, இதே வில்லையை அணிந்த வேறு பட்டாலியன்களை அந்த நகரத்துத் தெருக்களிலேயே இறக்கிவிட்டார்கள். 1922-இல் ஐர்லாந்தின் பெரும்பகுதி தனி ராஜ்யம் ஆயிற்று, பட்டாளத்தைக் கலைத்தார்கள். திரும்பி வந்த சிப்பாய்களுக்கு ஊரில் மரியாதையில்லை. அந்நியனுக்குக் கூலிக்குச் சுட்டவன் என்ற பெயர். அந்த வில்லைகள் எத்தனையோ வீடுகளில் பெட்டியின் அடியில் போய் ஒளிந்துகொண்டன.

மேலே சொன்ன கன்னாட் ரேஞ்சர்ஸும் அதே வருஷம் கலைந்ததுதான். அவர்கள் 1920-இல் நம் பஞ்சாபில் ஜலந்தரில் இருந்தார்கள். தங்கள் நாட்டில் பிரிட்டிஷார் செய்யும் அட்டூழியத்தைக் கேள்விப்பட்டு, இனி உங்களுக்குத் துப்பாக்கி தூக்கமாட்டோம் என்று ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். ஜேம்ஸ் டேலி என்ற பையனை அந்த வருஷம் நவம்பர் 2-ஆம் தேதி சிம்லா மலையடிவாரத்தில் டக்ஷாயில் சுட்டுக் கொன்றார்கள். அவர்களுடைய வில்லையில் ஐர்லாந்தின் யாழ் இருக்கிறது. யாழின் தலைமேல் இங்கிலாந்தின் கிரீடம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இதற்கு மேல் எந்த நாவலாசிரியன் என்ன எழுதிவிட முடியும்? இதை உருக்கச் சொல்கிறவர்கள் சாட்சியை உருக்கச் சொல்கிறார்கள்.

தேசபக்தர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். 1803-இல் அஸ்ஸாயி என்ற கிராமத்தில், பின்னால் வெல்லிங்டன் பிரபு ஆன வெல்லெஸ்லி, மராட்டியரை முறியடித்தான். ஸ்காட்லாந்துப் பட்டாளங்கள் அதற்காக ஒரு யானையைப் பெற்றுக்கொண்டன. ஆனால் அந்தச் சண்டையில் வெள்ளைச் சிப்பாய்களைவிட அதிகமாக இருந்தவர்கள் சென்னை ராஜதானிச் சிப்பாய்கள். சுதந்திர இந்தியாவின் மெட்ராஸ் ரெஜிமெண்டின் சின்னத்தில் இன்றைக்கும் இருப்பது அதே அஸ்ஸாயி யானைதான். மராட்டியனை வென்ற யானையை மராட்டியனும் தமிழனும் சேர்ந்து காக்கும் தேசத்தின் படை அணிந்திருக்கிறது. இதை எதில் போட்டு உருக்குவது?

டார்ஸெட் பட்டாளத்து வில்லையையும் அன்பர் காட்டினார். ஜிப்ரால்டர் கோட்டை, அதன் சாவி, எகிப்தின் ஸ்பிங்ஸ், இத்தனைக்கும் கீழே லத்தீனில் 'இந்தியாவில் முதல்வர்கள்' என்று பொருள்படும் ஒரு வரி. கம்பெனியின் கூலிப்படையாக இல்லாமல் அரசரின் சொந்தப் படையாக முதன்முதலில் 1754-இல் இங்கே வந்தவர்கள் என்ற பெருமை. வந்தது எங்கே என்று கேட்டேன். இந்தியா என்றார். இந்தியாவில் எங்கே? தெரியவில்லை. சென்னைப் பட்டணத்துக் கரையில்தான் ஸ்வாமி, உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி தூரத்தில் என்றேன். டார்ஸெட் பட்டாளம் 1958-இல் டெவன் பட்டாளத்தோடு கலந்து, அதுவும் 2007-இல் ரைஃபிள்ஸ் என்ற பெரிய படைக்குள் கரைந்துபோயிற்று. அந்தக் கோட்டை, சாவி, ஸ்பிங்ஸ் எல்லாம் சேர்ந்த வில்லையை இப்போது எந்தச் சிப்பாயும் அணிவதில்லை. அது என் அன்பரைப் போன்றவர்களின் வெல்வெட்டில்தான் இருக்கிறது. அதற்கு அவர் எழுதும் அட்டைதான் அதன் சரித்திரம்.

அவருக்குக் கோபம் வரவில்லை, நல்ல மனிதர். டப்ளின் வில்லையின் அட்டையை எடுத்தார். நம்பருக்குக் கீழே ஆற்காடு, வந்தவாசி, சோளிங்கர் 1781, கான்பூர் 1857 என்று பொடி எழுத்தில் எழுதினார். கலிப்பொலி எழுதும்போது அட்டை முடிந்துவிட்டது. பின்பக்கம் திருப்பி எழுதலாமா ஸார் என்று கேட்டார். வேண்டாம், பின்பக்கம் வெல்வெட்டைப் பார்த்துக் கிடக்கும், யார் கண்ணிலும் படாது. வேறு பெரிய அட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள் என்றேன். கத்திரிக்கோல் தேட உள்ளே போனார்.